இடாப்பில் ஒரு பெயர்

நள்ளிரவுத் திருப்பலியில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் லூக்கா நற்செய்திப் பகுதி ஓர் அரசாணையோடுதான் தொடங்குகிறது. தன் ஆட்சிக்குட்பட்ட உலகம் முழுவதையும் பதிவு செய்யும்படி பேரரசன் அகுஸ்து கட்டளையிடுகிறான். அவரவர் தத்தம் பூர்வீக ஊருக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டியிருக்கிறது. நாசரேத்தூர்த் தச்சரான சூசையப்பரும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும் அதற்காகவே பெத்லகேமுக்கு வருகிறார்கள். சம்மனசுகளும் இடையர்களும் அதற்குப் பிறகுதான் கதைக்குள் நுழைகிறார்கள். நாம் பாலன் குடில் கட்டும்போது வைக்கோலை மறப்பதில்லை, ஆட்டுக்குட்டிகளை மறப்பதில்லை, கூரைமேல் தொங்கும் நட்சத்திரத்தை மறப்பதேயில்லை. அந்த ஊரின் விடுதியை நிரப்பி ஒரு தாய்க்கு இடமில்லாமல் செய்த பதிவேட்டை மட்டும் எந்தக் குடிலிலும் வைப்பதில்லை. ஆனால் இலங்கைத் தமிழரின் கடந்த நூறாண்டு வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படித்தவருக்கு அந்தப் பதிவேடு கண்ணில் படாமல் போகாது. நமது கதையும் திரும்பத் திரும்ப ஒரு பெயரேட்டின் முன்னால் வந்து நின்றிருக்கிறது. வியக்கும்படியாக, பல தடவைகள் மார்கழி மாதத்திலேயே வந்து நின்றிருக்கிறது.

லூக்கா சொல்லும் பதிவு எந்த ஆண்டில் நடந்தது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிவைத்த குரேனியுவின் கணக்கெடுப்பு கி.பி. 6இல், யூதேயா நேரடியாக உரோமை ஆட்சிக்குள் வந்தபோது நடந்தது. அது வரிக்கான கணக்கு. எண்ணப்படுவதே அடிமைத்தனம் என்று சொல்லி, கலிலேயனான யூதாஸ் என்பவன் அதை எதிர்த்துக் கிளர்ந்தான். ஆகவே அந்த மண்ணில் ஒருவனுடைய பெயர் ஏட்டில் ஏறுவது என்றால் என்னவென்று லூக்காவின் முதல் வாசகருக்கு விளக்கத் தேவை இருந்திருக்காது. எழுதப்பட்டவனிடமிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்படப்போகிறது என்பதே அதன் பொருள். அகுஸ்து தன் சாதனைகளைப் பொறித்த கல்வெட்டில், உரோமைக் குடிகளை மூன்று முறை எண்ணியதைப் பெருமையோடு குறிக்கிறான். முதல் எண்ணிக்கையில் நாற்பது லட்சத்துக்குச் சற்று மேல், கடைசி எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐம்பது லட்சம். எண்ணிக்கை கூடிய அதே காலத்தில் எண்ணப்பட்டவரின் குரல் தேய்ந்துகொண்டிருந்தது. உரோமை நகரில் குடிமக்கள் திரண்டு வாக்களிப்பதற்கென்று சலவைக்கல்லில் ஒரு பெரும் முற்றம் கட்டப்பட்டது. அகுஸ்துவின் தளபதி அக்ரிப்பா கி.மு. 26இல் அதைத் திறந்துவைத்தான். பின்னாளில் அங்கே வாட்போர்க் காட்சிகள் நடக்கத் தொடங்கின. கி.பி. 14இல் அகுஸ்து இறந்து திபேரியு அரியணை ஏறிய கையோடு, ஆட்சியாளரைத் தெரியும் உரிமை மக்கள் மன்றங்களிடமிருந்து செனற் சபைக்கு மாற்றப்பட்டதாகத் தாசிட்டஸ் எழுதுகிறார். மக்கள் முணுமுணுத்தார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வாக்கு என்ற வழக்கம் மேற்குலகில் கண்மூடிக்கொண்டிருந்த வேளையில், அந்தப் பேரரசின் ஒரு மூலையில் மாட்டுக் கொட்டிலில் ஒரு குழந்தை பிறந்தது.

இந்தப் பொருத்தத்தை நான் தற்செயலாக விட்டுவிட மனமின்றி நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நத்தாரின் பொருள் என்ன என்று கேட்டால் சமாதானம், அன்பு, மகிழ்ச்சி என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அவை பொய்யல்ல. எனினும் நற்செய்தி சொல்லும் கதையின் முள்ளந்தண்டு வேறு ஒன்று. உலகத்தை ஆள்பவன் எண்ணுகிறான், கடவுள் எண்ணப்படுபவர் பக்கத்தில் வந்து பிறக்கிறார். குழந்தை பிறப்பதற்கு முன்னரே மரியாள் பாடிய பாடல், வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும் பற்றியது. பிறந்த செய்தி முதலில் போனது, ஊருக்கு வெளியே இரவில் கிடை காத்த இடையர்களுக்கு. அவர்களுக்குப் பின் வந்த ஞானிகள் ஏரோதுக்குத் தகவல் சொல்லாமல் வேறு வழியாக நாடு திரும்பினார்கள். ஏரோதோ, ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் ஊரிலுள்ள ஆண் குழந்தைகள் அனைவரையும் கொல்ல ஆணையிட்டான். அதற்குள் பெற்றோர் குழந்தையோடு எகிப்துக்கு ஓடியிருந்தார்கள். முதல் நத்தாரின் முழுக்கதை இதுதான். பதிவு, இடமின்மை, பிறப்பு, இடப்பெயர்வு, படுகொலை. நம் மண்ணில் இதைத் திருப்பலிப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் மிகச் சிலரே.

இலங்கையின் வடபுலத்துக் கிறிஸ்தவன்மேல் ஏட்டின் பிடி ஒல்லாந்தர் காலத்தில் இறுகியது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் நிலங்களுக்குத் தோம்பு என்ற பதிவேடு எழுதினார்கள், பாடசாலைகளை வைத்து ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் தோம்பு எழுதினார்கள். அரச உத்தியோகத்துக்கு அந்த ஏட்டில் பெயர் வேண்டும், முதுசத்தை நிறுவ அந்த ஏட்டில் பெயர் வேண்டும். ஊரார் பெயரைக் கொடுத்தார்கள், நம்பிக்கையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் இருந்த அந்த நாளில்தான், கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் வந்து சேர்ந்தார். சில்லாலையில் மறைந்திருந்து இரவில் பூசை வைத்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஒரு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்து வீடுகளில் திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் சுற்றிவளைத்துப் பிடித்துச் சென்றதைத் திருச்சபை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஏட்டில் எல்லாருடைய பெயரும் ஒழுங்காக இருந்தது. ஆனால் அந்த ஏட்டில் இருந்த எவருக்கும், தன்னை ஆள்பவனைப் பார்த்து இல்லை என்று சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை.

அந்த வழி எவ்வளவு தாமதமாக, எவ்வளவு சிறிய வாசலாகத் திறந்தது என்பதை இன்றைய வாக்காளர் அறிந்துகொள்ள வேண்டும். 1911 மார்கழியில் படித்த இலங்கையருக்கென்று சட்டநிரூபண சபையில் ஒரேயொரு ஆசனத்துக்குத் தேர்தல் நடந்தது. முழுத் தீவிலும் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். அந்த வெற்றியைத் தமிழர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அதே இராமநாதன்தான் 1920களின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்கு என்று பேசத் தொடங்கியபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். படிப்பும் சொத்தும் இல்லாதவன் கையில் வாக்கைக் கொடுப்பது ஆபத்து என்பது அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலருடைய எண்ணம். அதுவரை மக்கள் தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்கு இருந்தது. தொழிலாளர் தலைவர் குணசிங்கவும், அக்னஸ் டி சில்வா முதலான பெண்களும் மறுபக்கம் நின்று வாதாடினார்கள். 1931இல், இங்கிலாந்துப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று மூன்றே ஆண்டுகளில், இலங்கையில் இருபத்தொரு வயது நிறைந்த ஆணும் பெண்ணும் வாக்காளர் ஆனார்கள். ஆசியாவில் அதற்கு முன் எந்தக் குடியேற்ற நாட்டுக்கும் கிடைக்காத பேறு அது. தென்னை மரம் ஏறுகிறவனும் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவளும் சேர் பட்டம் பெற்றவரும் ஒரே பெட்டியில் ஒரே எடையுள்ள ஒரு தாளைப் போடலாம் என்றானது. மரியாளின் பாடலில் வரும் புரட்சி நம் தீவில் ஒரு நாள், ஒரு மணி நேரமாவது, உண்மையாக நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் கட்டியெழுப்பிய வாலிபர் காங்கிரஸ், காந்தியின் 1927 வருகையால் கிளர்ச்சியுற்றிருந்த காலம் அது. டொனமூர் திட்டம் முழுச் சுயராச்சியம் தரவில்லை, ஆகவே அதை ஏற்கமாட்டோம் என்றார்கள். வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த இளைஞர்களின் தூய்மையில் எனக்கு ஐயம் இல்லை. சாதிக்கு எதிராகவும் மொழிக்காகவும் அவர்களைப் போல உழைத்தவர்கள் அக்காலத்தில் குறைவு. ஆனாலும் மற்ற இடங்களில் தெரிவானவர்கள் சபையில் அமர்ந்து குழுக்களையும் அமைச்சுகளையும் பங்கிட்டுக்கொண்டார்கள். நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. நாம் வராவிட்டால் அவர்கள் காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை அன்று பொய்த்தது. பின்னாளிலும் அது பொய்த்தபடியேதான் இருந்திருக்கிறது.

கிடைத்த வாக்கை எடுக்காமல் விடுவது ஒன்று, அதைப் பிறர் எடுத்துக்கொண்டு போய்விடுவது வேறொன்று. 1947 தேர்தலில் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வாக்குகளால் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர், தாங்கள் பிறந்து தங்கள் பெற்றோரைப் புதைத்த மலைகளிலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். கொலை இல்லை, தீவைப்பு இல்லை, ஒரு வாக்காளர் இடாப்பு மட்டும் மெலிந்தது. அதன் விளைவை அறிய ஐம்பது ஆண்டு எடுத்தது. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. எஞ்சியோரில் கடைசி மனிதர்வரை குடியுரிமை வந்து சேரும் வழியை 2003ஆம் ஆண்டுச் சட்டமே திறந்தது. பிரஜாவுரிமைச் சட்டத்தின்போது கைதூக்கிய தமிழ்த் தலைவர்களும் உண்டு என்பதை மறைத்து வரலாறு எழுத முடியாது. மறுத்து எழுந்தவர்களில் முதன்மையானவர் செல்வநாயகம். தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி 1949 மார்கழி 18ஆம் நாள் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நத்தாருக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் கிறிஸ்தவர், அவரைத் தந்தை என்று அழைத்த மக்களிற் பெரும்பாலோர் சைவர்கள். இன்று வழிபாட்டிடங்களின் பெயரால் எல்லை கீறப்படும்போதெல்லாம் இந்தச் செய்தியை நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் எழுந்து நின்றது தன் மதத்தவருக்காகவும் இல்லை, தன் தொகுதி மக்களுக்காகவும் இல்லை. தனக்கு ஒருபோதும் வாக்களிக்க முடியாத, நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் லயன் அறைகளில் வாழ்ந்த மக்களின் பெயர்களுக்காக. 1952இல் அவர் காங்கேசன்துறையில் தோற்றார். 1956இல் அதே தொகுதி அவரைத் திரும்ப அழைத்தது.

தேர்தலைப் பறிப்பதற்குப் பெயரை வெட்ட வேண்டும் என்றில்லை, நாளைத் தள்ளிப்போட்டாலே போதும். செல்வநாயகம் 1972 குடியரசு யாப்பை எதிர்த்துத் தன் ஆசனத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேளுங்கள் என்று சவால் விட்டபோது, அந்த இடைத்தேர்தல் 1975 மாசி வரை நடத்தப்படவில்லை. நோயுற்ற முதியவர் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு வாக்குப்பெட்டிக்காகக் காத்திருந்தார். பெரும்பான்மையோடு வென்றார். ஆனால் அந்தக் காத்திருப்பில் ஓர் இளந்தலைமுறை வாக்கில் நம்பிக்கை இழந்துவிட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. எரிந்தவை நூல்களும் ஓலைச்சுவடிகளும் என்று எண்ணுகிறோம். வாக்களித்தால் ஏதாவது மாறும் என்று எஞ்சியிருந்த எண்ணமும் அந்தச் சாம்பலில் இருந்தது.

பிறகு வந்தது 1982. அந்த ஆண்டு ஐப்பசியில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜே. ஆர். ஜயவர்த்தன, அடுத்த ஆண்டு நடக்க வேண்டிய பொதுத் தேர்தலை நடத்தாமல், 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டுக்கு நீட்டிக்கலாமா என்று மக்களிடம் கேட்டார். சர்வசன வாக்கெடுப்பின் நாள் மார்கழி 22. சம்மதம் என்றால் விளக்கு, சம்மதமில்லை என்றால் குடம். நத்தாருக்கு மூன்று நாள் முன்பு, வீடுகளின் முன்னால் நட்சத்திரக் கூடுகள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவசரகாலச் சட்டத்தின் கீழ் மக்கள் வரிசையில் நின்றார்கள். தீவு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தைந்து வாக்குகள் விளக்குக்கு விழுந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் புள்ளடியிட்டார்கள். தெற்கிலும் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத சிங்கள மக்கள் பல இடங்களில் குடத்தின் பக்கம் நின்றார்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தேர்தல் ஒன்று நடக்காமற் போனதன் விலையை ஏழு மாதத்தில் 1983 ஆடிக் கலவரம் காட்டியது. அந்தக் கலவரத்துக்குப் பின் வந்த யாப்பின் ஆறாம் திருத்தத்தால் தமிழர் பிரதிநிதிகள் ஆசனம் இழந்தார்கள். 1989 வரை பொதுத் தேர்தலே இல்லாத அந்தக் காலத்தில்தான் ஒரு சமூகம் முழுதாக யுத்தத்துக்குள் நடந்து போனது. 1983இல் முறைப்படி ஒரு தேர்தல் நடந்திருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று நான் வாதிட வரவில்லை. வரலாற்றில் அப்படிச் சொல்ல எவராலும் ஏலாது. ஆனால் பேசுவதற்கு இருந்த வாசல் அடைக்கப்பட்டபோது வீட்டுக்குள் இருந்தவர்கள் சுவரை இடிக்கத் தொடங்கினார்கள் என்பதை மறுக்கவும் ஏலாது.

அதன் பின் மார்கழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1988 மார்கழி 19இல் ஜனாதிபதித் தேர்தல், வாக்களிக்கப் போகிறவனுக்குச் சாவு என்று ஜே.வி.பி. தெற்கில் எச்சரித்திருந்தது. அப்படியும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் போனார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒரு தாளில் புள்ளடியிட நடந்துபோன அந்தச் சிங்கள விவசாயியும் நம் முன்னோர்களில் ஒருவரே. 1999 மார்கழி 21இல் மீண்டும் ஜனாதிபதித் தேர்தல், அதற்கு மூன்று நாள் முன் கொழும்பில் குண்டு வெடித்து வேட்பாளர் சந்திரிகாவின் கண் பறிபோனது. 2001 மார்கழி 5இல் பொதுத் தேர்தல். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வாக்களிக்க வந்தவர்கள் இராணுவச் சோதனைச் சாவடிகளில் மறிக்கப்பட்டார்கள். அது அவர்களுடைய உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் பிற்பாடு தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்தத் தேர்தல் ஆட்சியை மாற்றியது. மார்கழி 24 நள்ளிரவிலிருந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன. புலிகள் ஒருதலைப்பட்சமாக ஒரு மாதத்துக்கு என்று தொடங்கிய ஓய்வு மாசியில் உடன்படிக்கையானது. வாக்கும் நத்தாரும் நம் தீவில் கைகோர்த்து ஒரு நன்மையைக் கொண்டுவந்த காலம் ஒன்று உண்டென்றால் அந்த மார்கழிதான். பல ஆண்டாகப் போகாத ஊருக்கு மக்கள் கண்டி வீதியால் போனார்கள்.

நான்கே ஆண்டில் அது புரண்டது. 2005 கார்த்திகை 17இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்ற புலிகளின் விருப்பம் வடக்கில் கட்டளையாக இறங்கியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவர்களே வாக்களித்தார்கள். முழுத் தீவிலும் வெற்றியின் இடைவெளி இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 1931இன் பகிஷ்கரிப்பு இளைஞரின் இலட்சியத்திலிருந்து வந்தது, 2005இன் பகிஷ்கரிப்பு அச்சத்திலிருந்து வந்தது. ஆனால் வெறுமையாகக் கிடந்த பெட்டிக்குள் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்தத் தேர்தலுக்கு ஐந்து வாரம் கழித்து, நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி அருகில் காயப்பட்டுக் கிடந்தார். மட்டக்களப்பு மக்கள் பல முறை வாக்களித்துத் தெரிந்தெடுத்த மனிதர் அவர். எண்ணப்படுபவர்களோடு கடவுள் வந்து சேர்ந்த இரவில், எண்ணப்படுபவர்கள் தங்கள் குரலாக அனுப்பிய ஒருவரை, நற்கருணை வாங்கிய வாய் மூடும் முன்னே கொன்றார்கள். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. பாலன் பிறப்பின் பொருளைப் பற்றி நம் மண்ணில் பிரசங்கம் செய்பவர்கள் இந்த இரவைத் தாண்டிச் செல்லக்கூடாது என்று நான் கருதுகிறேன்.

நமக்கு நடந்தவற்றை எழுதும்போது நாம் செய்தவற்றையும் எழுதவேண்டும். அவரவர் தத்தம் ஊருக்குப் போய்ப் பெயர் பதியட்டும் என்றான் அகுஸ்து. 1990 ஐப்பசியில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் சில மணி நேர அல்லது சில நாள் அவகாசத்தில் தங்கள் ஊர்களிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் வாக்களிக்கும் வயதை அடைந்தபோது எந்த ஊர் இடாப்பில் பெயர் பதிவது என்ற கேள்வி அவர்களுக்கு ஆண்டுதோறும் வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பதிந்தால் அங்கே குடியில்லை என்றார்கள். புத்தளத்தில் பதிந்தால் பூர்வீகத்தை விட்டுக்கொடுத்ததாகும். மலையக மக்களின் பெயர்கள் வெட்டப்பட்டதற்காகச் செல்வநாயகம் கட்சியையே உடைத்துக்கொண்டு வந்தார். எங்கள் தலைமுறை அயலவரின் பெயர்கள் வேரோடு பிடுங்கப்பட்டபோது பெரும்பாலும் பேசாமல் இருந்தது. அந்த மௌனத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை.

2014 நத்தார் ஒரு தேர்தல் பிரசாரத்தின் நடுவில் வந்து போனது. 2015 தை 8இல் வடக்கும் கிழக்கும் மலையகமும் திரண்டு வாக்களித்து அசைக்க முடியாதது என்று தோன்றிய ஓர் ஆட்சியை அமைதியாக இறக்கின. அடுத்த வாரமே பாப்பரசர் பிரான்சிஸ் வந்து, ஒல்லாந்தருக்கு மறைந்து வாழ்ந்த யோசேப் வாஸ் அடிகளாரைக் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார், மடுவில் வந்து யுத்தத்தில் இழந்தவர்களோடு செபித்தார். அதற்குப் பின் வந்த ஏமாற்றங்களை எல்லாரும் அறிவோம். ஏமாற்றத்துக்குப் பின் சலிப்பு வருவது இயல்பு. 2024 புரட்டாதியில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நாட்டில் நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் போனார்கள், கார்த்திகையில் பொதுத் தேர்தலுக்கு அறுபத்தொன்பது பேர், அடுத்த ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலுக்கு இன்னும் குறைந்தவர்கள். ஊருக்கு அண்மையான சபையாக வரவர அக்கறை தேய்கிறது. கிணற்றையும் ஒழுங்கையையும் பார்க்கிற சபைக்கு வாக்களிக்க நேரமில்லாதவர்கள் நாட்டின் விதியைப் பற்றி இரவிரவாகப் பேசுகிறார்கள்.

சலிப்புக்குள் இன்னொரு பழைய கதை ஓசைப்படாமல் திரும்பி வந்திருக்கிறது. 2013 புரட்டாதியில் மக்கள் பெரும் எதிர்பார்ப்போடு வாக்களித்து அமைத்த வட மாகாண சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் அதற்கு ஓர் ஆண்டு முன்பே முடிந்துவிட்டது. அதன் பின் இவ்விரு சபைகளுக்கும் தேர்தல் நடத்தப்படவில்லை. எல்லை நிர்ணயம் என்றார்கள், சட்டச் சிக்கல் என்றார்கள், பொருளாதாரம் என்றார்கள். 1972இலும் 1982இலும் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு, ஆனால் தேதி இல்லாத தேர்தல் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. அன்று ஆசனத்தைத் துறந்த ஒரு முதியவர் அந்தத் தேதிக்காகக் காத்திருந்தார். இன்று ஆளுநர்கள் மாகாணத்தை நடத்துவது பழகிப்போய், சபை என்று ஒன்று இருந்ததையே பிள்ளைகள் பாடப்புத்தகச் செய்தியாகக் கேட்கிறார்கள். பெத்லகேமின் இன்றைய நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. பாலஸ்தீனர்கள் தங்கள் சட்டமன்றத்துக்குக் கடைசியாக வாக்களித்தது 2006 தையில். அங்கே அதன் பின் பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்து, வாக்களிக்கும் வயதையும் கடந்து, தன் ஆட்சியாளரைத் தெரிய ஒருமுறையும் அழைக்கப்படாமல் நிற்கிறது.

வாக்களித்து என்ன கண்டோம் என்று கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. நூறாண்டு அனுபவம் அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கிறது. 1977 பொதுத் தேர்தலில் அளித்த வாக்கு பலன் தரவில்லை, 1982இல் அளித்த வாக்கும் தோற்றது. ஆனால் தோற்ற வாக்குகளுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அகுஸ்துவின் ஏட்டில் ஏறியவர்கள் அவனை ஏற்றார்களா வெறுத்தார்களா என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. தோம்பில் ஏறியவர்கள் உள்ளத்தில் எதை வைத்திருந்தார்கள் என்பதை அந்தத் தோம்பு சொல்லாது. 1982 மார்கழி 22இல் மட்டும், விளக்கைத் தருகிறோம் என்று சொன்ன அரசாங்கத்திடம் எங்களுக்குக் குடம் போதும் என்று இருபத்தாறு லட்சம் பேர் சொன்னது, தேர்தல் திணைக்களத்தின் அறிக்கையில் மாவட்டம் மாவட்டமாக அச்சிடப்பட்டிருக்கிறது. அவர்களிற் பலர் அடுத்த ஆண்டு வீடிழந்தார்கள், பலர் பிற்பாடு உயிரிழந்தார்கள், பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பேரப்பிள்ளைகளோடு நத்தார் கொண்டாடுகிறார்கள். அந்த நீட்டிப்புக்கு அவர்களும் சம்மதித்திருந்தார்கள் என்று இனி எந்த வரலாற்றாசிரியராலும் எழுத முடியாது.